ஜெரி ரைஸ் ஓடி ஏறிய மேடு

செல்வி அத்தை: கார்த்திக், நீ குழுவில் போட்ட மலைப்பாதைப் படத்தைப் பார்த்தேன். அங்கே ஓடிப் பழகியே பெரிய ஆளானார் என்று நீ எழுதியிருந்த அந்த விளையாட்டு வீரரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்.

கார்த்திக் (ரெட்வுட் சிட்டி): அவர் பெயர் ஜெரி ரைஸ், அத்தை. அமெரிக்கக் கால்பந்தில், எறியப்படும் பந்தை ஓடிக்கொண்டே பிடிக்கும் ரிசீவர். 1985-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் சேர்ந்தார். எட்ஜ்வுட் பூங்காவில் உள்ள அந்தப் பாதை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். முடிவை நெருங்கும்போதுதான் ஏற்றம் மிகவும் கடுமையாகும். ஆட்டங்கள் இல்லாத மாதங்களில் அவரும் உடன் ஆடிய ரோஜர் கிரெய்கும் அதை ஓடியே ஏறுவார்கள்.

செல்வி அத்தை: வசதியான வீட்டுப் பிள்ளையா?

கார்த்திக்: இல்லை, அத்தை. மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் வேலைக்குப் போவார்கள். சாரத்தின் மேல் நிற்கும் ஜெரிக்கு அண்ணன் தம்பிகள் கீழிருந்து செங்கற்களை வீச, அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்குவார். உறுதியான கைகள் தமக்கு அங்கேதான் வாய்த்தன என்று அவரே சொல்லியிருக்கிறார்.

யாழினி: அண்ணா, இதில் உழைப்பின் பங்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஜோ மான்டனா, ஸ்டீவ் யங் போன்றவர்கள் பந்தை எறிந்தார்கள். பில் வால்ஷ் போன்ற பயிற்சியாளர் ஆட்டத்தை வகுத்தார். அந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கார்த்திக்: நியாயமான கேள்வி, யாழினி. அந்த அணி அவருடைய பேறு என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1985 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவருக்கு முன்பே அல் டூன், எடி பிரவுன் என்ற இரண்டு ரிசீவர்களை வேறு அணிகள் எடுத்துவிட்டன. ரைஸ் 16-ஆவது இடத்தில்தான் வந்தார். அவர் படித்த மிசிசிப்பி வேலி ஸ்டேட் சிறிய கல்லூரி என்பதாலும், நேர் ஓட்டத்தில் அவரைவிட வேகமானவர்கள் இருந்ததாலும் பலர் தயங்கினார்கள். முதல் ஆண்டில் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டபோது சொந்த அணியின் ரசிகர்களே கேலிக் கூச்சலிட்டார்கள். மான்டனா அப்போதும் அதே மான்டனாதான். அடுத்த ஆண்டு, பிடித்த பந்துகளால் அணியை மொத்தம் 1,570 கெஜம் முன்னேற்றி, லீகின் எல்லா அணிகளிலும் முதலிடம் பிடித்தவர் ரைஸ்.

பெரியப்பா: நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அவரைப் பற்றிப் படித்ததில் மலையேற்றத்தைவிட என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு பழக்கம்: பயிற்சியில் எவ்வளவு சிறிய தொலைவில் பந்தைப் பிடித்தாலும், மற்றவர்களைப் போல உடனே திரும்பி வராமல், டச் டவுன் எல்லைவரை, அதாவது பந்தைக் கொண்டு சேர்த்தால் புள்ளி கிடைக்கும் கடைசிக் கோடுவரை, முழு வேகத்தில் ஓடி முடித்த பிறகே திரும்புவாராம். ஆட்டத்தின் வேகத்திலேயே பழகியவனுக்கு ஆட்டத்தன்று புதிதாக எதையும் செய்ய வேண்டியிருக்காது; நான்காவது கால்பகுதியில் எதிராளிக்குக் கால் தளரும்போது இவருக்குத் தளராததும் அதனால்தான்.

செல்வி அத்தை: அடிபட்டதே இல்லையா, அண்ணா?

பெரியப்பா: பட்டது, செல்வி. 1997 தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலின் தசைநார் கிழிந்தது. ஆறு மாதமாவது ஓய்வு தேவைப்படும் காயத்தோடு மூன்றரை மாதத்தில் களமிறங்கினார். அன்று ஒரு டச் டவுன் பிடித்து விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. அதை வீரம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். உடல் ஆறுவதற்குக் காத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

யாழினி: அதன் பிறகும் ஆடினாரா, பெரியப்பா?

கார்த்திக்: நான் சொல்கிறேன். மொத்தம் 20 தொடர்கள். 40 வயதை எட்டிய 2002 தொடரில்கூட ஓக்லாந்து அணிக்காக 92 பந்துகளைப் பிடித்து 1,211 கெஜம் எடுத்தார். வாழ்நாள் கணக்கு 22,895 கெஜம். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு எடுத்தது 17,492. இடையிலுள்ள 5,403 கெஜமே நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் பல ஆண்டு உழைப்பு.

யாழினி: இதற்கு மேல் நான் வாதிடவில்லை, அண்ணா. அவருடைய ஆட்டத்தை ஒன்றாவது பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

கார்த்திக்: 1989 ஜனவரியில் மயாமியில் நடந்த 23-ஆவது சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதிப் போட்டி. எதிரணி சின்சினாட்டி, ரைஸுக்கு முன்பே தேர்வான எடி பிரவுன் ஆடிய அதே அணி. ரைஸ் அன்று 11 பந்துகளில் 215 கெஜம் எடுத்து ஆட்ட நாயகனானார். முழுவதும் பார்க்க நேரமில்லையென்றால் கடைசி மூன்று நிமிடங்களைப் பார். மூன்று புள்ளி பின்தங்கி, 92 கெஜம் கடக்க வேண்டிய நிலையில், தண்டனையால் அணி பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, நடுக்களத்தில் ரைஸ் ஒரு பந்தைப் பிடித்து 27 கெஜம் கொண்டுபோவார். வெற்றி டச் டவுனைப் பிடித்தவர் ஜான் டெய்லர். அவர் அதைப் பிடிக்கும் அந்தக் கடைசி நகர்வில் ரைஸ் எந்தப் பக்கம் நகர்கிறார், தடுப்பாளர்களின் கண் எங்கே போகிறது என்பதையும் கவனி.

பெரியப்பா: இணைப்பை இங்கேயே போடு, கார்த்திக். ஞாயிறன்று நானும் பார்க்கிறேன்.