அடுத்த பயணத்தில் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவுக்கும் சில நாள் ஒதுக்குங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊருக்குப் போக ரிக்கெற் போடும்போது கோயில் கொடியேற்றத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் திகதி வைக்கிறோம். அதோடு இன்னொரு திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் 2015 இலிருந்து ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. ரொறன்ரோவில் எனக்குப் பழக்கமான எங்கள் ஊர்க் குடும்பங்களில் கேட்டுப் பார்த்தேன். அநேகம் பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

நாங்கள் படம் பார்த்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு வாசிகசாலை முற்றத்தில்தான் படம். மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்போம். ஊசி மருந்துக் குப்பிக்குள் பத்திரப்படுத்தி வைத்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டால்தான் ஜெனரேற்றர் ஸ்ரார்ட் ஆகும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பள்ளிக்கூட மேசைக்கு மேல் ரீவி, கீழே வீடியோக் கசெற் போடும் டெக். நல்ல கட்டத்தில் ஜெனரேற்றர் இருமத் தொடங்கும். படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்துபோகும். ஒருவரும் எழும்ப மாட்டார்கள். முன்பே அந்தப் படத்தைப் பார்த்த ஒரு அண்ணை இருட்டுக்குள் மிச்சக் கதையைச் சொல்லுவார். ஹெலிச் சத்தம் கேட்டால் ரீவிக்கு மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு எல்லோரும் மூச்சுக் காட்டாமல் இருப்போம்.

அதற்கு முந்திய தலைமுறைக்குத் தியேட்டர்கள் இருந்தன. வின்ட்சர், வெலிங்டன், மனோகரா, ராணி, லிடோ, சாந்தி, ஸ்ரீதர், ராஜா என்று அம்மா விரல் மடித்து எண்ணுவார். கோட்டைப் பக்கம் இருந்த றீகலுக்கு அப்பா ஆங்கிலப் படம் பார்க்கப் போவாராம். இத்தனை தியேட்டர் இருந்தும் ஓடியது பெரும்பாலும் தமிழகத்துப் படங்கள்தான். எங்கள் மண்ணைக் காட்டிய படங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

அந்தச் சிலவற்றில் ஒன்றைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) திறந்தபோது முதல் தலைவராக வந்தவர் விமர்சகர் க. கைலாசபதி. அந்தக் காலத்தில் அங்கே விரிவுரையாளராக இருந்தவர்களில் ஒருவர் தர்மசேன பத்திராஜ, சிங்களச் சினிமாவின் பெரிய இயக்குநர். காவலூர் ராஜதுரை எழுதிய கதையை அவர் 1977 இல் ‘பொன்மணி’ என்று தமிழில் படமாக்கினார். சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாண வீட்டுப் பெண்களை என்ன செய்கின்றன என்பதுதான் கதை. எங்கள் வேலியும் முற்றமும் கிணற்றடியும் திரையில் வந்த படம் அது. பாட்டும் சண்டையுமாகப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ வந்தது. இனிமேல் வரிசையாக வரும் என்று நம்பியிருந்த நேரத்தில்தான் தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரம். கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். அங்கே இருந்த நெகட்டிவ்களும் அதோடு போய்விட்டன. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூருகிறோம். படச் சுருள் எரிந்ததைப் பற்றி அவ்வளவு கதைப்பதில்லை.

சரி, விழாவுக்கு வருகிறேன். யுத்தம் முடிந்தது 2009 இல். 24 ஆண்டுக்குப் பிறகு யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு வந்தது 2014 ஒக்ரோபரில். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகுமுன்னே, 2015 செப்ரெம்பரில், முதல் விழா. அந்த வருடம் மே மாதம்தான் ‘தீபன்’ படத்துக்குக் கான் விழாவில் தங்கப் பனை கிடைத்தது. அதில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டிக்காரர். அல்லைப்பிட்டியில் பிறந்தவர் கான் மேடையில் நின்ற அதே வருடம், அல்லைப்பிட்டிக்குப் பக்கத்து நகரத்துக்கே உலகப் படங்கள் வந்தன. எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விழாவைத் தொடங்கி நடத்துபவர் அனோமா ராஜகருணா. திரைப்பட இயக்குநர், புகைப்படக் கலைஞர். அவருடைய ‘அஜென்டா 14’ என்ற அமைப்புத்தான் ஏற்பாடு. அன்றைக்குப் பத்திராஜ, இன்றைக்கு அனோமா. எங்கள் நகரத்துச் சினிமாவுக்காக உழைத்த இரண்டு பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள் என்பதை நன்றியோடு சொல்கிறேன். கொழும்பில் வைத்திருந்தால் காசும் கூட்டமும் சுலபமாகக் கிடைத்திருக்கும். 2012 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் சுமார் 88,000 பேரே இருந்த ஒரு சின்ன நகரத்தைத் தேடி வந்து செய்கிறார்கள். நட்சத்திரங்கள் வந்து கையசைக்கும் விழா இல்லை. தமிழ், சிங்களம், இந்திய மொழிகள், அப்புறம் வேறு நாட்டுப் படங்கள். விவரணப் படங்கள், குறும்படங்கள். படம் முடிந்ததும் எடுத்தவரோடு உட்கார்ந்து கதைப்பது. இதுதான் விழா.

நான் போன வருடம் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் கைலாசபதி அரங்கு. சித்தப்பாவுக்கு வயது எழுபத்தைந்து, வாழ்நாளில் ஒரு சிங்களப் படம் பார்த்ததில்லை. ‘எனக்கு விளங்காது, நீ போ’ என்று கடைசி வரை மறித்தார். போய் இருந்து பார்த்தது ஒரு சிங்களப் படம்தான். காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் ஒவ்வொரு கந்தோராகப் படியேறுகிறாள். திரையின் கீழே வரும் மொழிபெயர்ப்பு எழுத்தை வாசிக்க முதலில் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தவர், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். வாசிக்கத் தேவைப்படவில்லை. விளக்குப் போட்ட பிறகும் எழும்பவில்லை. வெளியே சைக்கிள் எடுக்க வந்தபோதுதான் வாய் திறந்தார்: “அவையும் பிள்ளையைத் தேடித்தான் திரிஞ்சிருக்கினம், என்ன?” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரைக்கும் நானும் ஒன்றும் கதைக்கவில்லை.

எல்லா வருடமும் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2018 இல் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற விவரணப் படம் நிகழ்ச்சியில் இருந்தது. முந்திய வருடம் கான் விழாவில் சிறப்புக் காட்சியாகப் போன படம். 1983 இல் சின்னப் பிள்ளையாக ரயிலேறி வடக்குக்குத் தப்பி வந்தவர் ஜூட். தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையையும் அதில் சொல்கிறார். எதிர்ப்புக் கிளம்பியது, யாழ்ப்பாண விழாவிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். எழுத்தாளர்கள், கலைஞர்கள் பலர் அதைக் கண்டித்தார்கள். எங்கள் ஆட்களுக்குள்ளும் அப்போது இது பற்றிப் பெரிய சண்டை. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: காட்டியிருக்க வேண்டும். படத்தோடு எனக்கும் எல்லா இடத்திலும் உடன்பாடு இல்லை. ஆனால் 1986 இல் ரெலோ என்ற தமிழ் இயக்கத்துப் பெடியன்களைத் தெருவில் போட்டுச் சுட்டதும் எரித்ததும் எங்கள் கண் முன்னால் நடந்தது. அதைப் பற்றிய படத்தை அந்தத் தெருவில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுக் கோபப்படட்டும், அழட்டும், எழும்பி நின்று இயக்குநரைக் கேள்வி கேட்கட்டும். அதைச் செய்யும் உரிமை பாரிஸ்காரரை விட அவர்களுக்குத்தான் அதிகம். அந்த வருடத்தோடு விழாவையே கைவிட்டவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன், திரும்பிப் பாருங்கள்.

கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் நாங்கள் அனுப்பும் காசில் குறை வைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது விழா நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். இங்கே சினிமா படிக்கிற எங்கள் பிள்ளைகள் குறும்படம் எடுத்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த முறை விழாத் திகதி அறிவித்ததும் நான் ரிக்கெற் போடுகிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அக்கா வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம். வருகிறவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அக்காவிடம் சொல்லி வைக்கிறேன். சித்தப்பா இப்போதே எப்போது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் ஊரவன், ரொறன்ரோவிலிருந்து