தனி ஊசல்: முதலில் திரையா, நூலா?

நூல்குண்டு:
பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் உண்டல்லவா? இந்த முறை லேபுக்கு வருவதற்கு முந்தின நாள், ஃபெட் (PhET) என்ற பாவனைச் சோதனைத் தளத்தில் இருக்கும் ஊசல் ஆய்வகத்தைப் பிள்ளைகளை வீட்டில் போனிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். (நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஃபெட். தளத்தில் இருக்கும் பாவனைகள் இலவசம்.) கனத்த குண்டு ஒன்று, லேசான குண்டு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஆடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவதை நம்ப முடியவில்லையாம். நிலாவுக்குக் கொண்டுபோனால் ஒரு மீட்டர் ஊசல் ஓர் அலைவுக்குக் கிட்டத்தட்ட 5 நொடி எடுக்கிறது. அதை என் லேபில் எப்படிக் காட்டுவேன்? சக ஆசிரியர் ஒருவரோ "லேபையே கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார். கெடுத்தேனா?

பழைய லேப்:
கெடுத்தீர்கள். முப்பது வருஷம் அந்த ஸ்டாண்டு பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன். குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவான் பையன். இருபது எண்ணி முடிக்கையில் ஊசல் ஆடியது 19 தரம்தான். ஒரு மீட்டர் நூலுக்கு 38 நொடி வரும். இருபதால் வகுத்து ஜி (புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வர வேண்டும்) கண்டுபிடித்தால் 10.9! அந்த ஒரு விடையை வைத்து நான் ஒரு முழு பீரியட் ஓட்டுவேன். "பூஜ்யம்" என்று ஏன் தொடங்க வேண்டும், நூலை எந்த இடம் வரை அளந்தாய், ஃபேனை நிறுத்தினாயா? குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு விட்டவனுக்கு 9.6 வரும். உங்கள் திரையில் இந்தத் தப்பில் எதைச் செய்ய முடியும்? கடிகாரமே அலைவு நேரத்தைச் சொல்லிவிடுகிறது.

நூல்குண்டு:
ஐயா, 10.9 வந்த பிள்ளை அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டியது உங்கள் அதிர்ஷ்டம். என்னிடம் வருவதெல்லாம் 9.79, 9.81. சீனியர் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து விடையிலிருந்து பின்னால் வந்து ரீடிங் எழுதுகிறார்கள். இது ஃபெட் வந்த பிறகு வந்த வியாதி இல்லை.
இன்னொன்று. "கோணம் சிறியதாக இருக்கட்டும்" என்று நாமும் சொல்கிறோம், புத்தகமும் சொல்கிறது. ஏன் என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. இந்தத் தடவை கேட்டார்கள், 5 பாகையில் 2.01 நொடி, 60 பாகையில் 2.15 என்று திரையில் பார்த்துவிட்டு.

கணக்கு மேகலா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கணக்கில் எனக்கு நேர்மாறான அனுபவம். முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்தால் 180 பாகை என்று காட்ட, மூன்று மூலைகளைக் கிழித்து ஒட்டச் சொன்னால் நடுவில் சின்ன இடைவெளி விழும். "நான்தான் சரியாகக் கிழிக்கவில்லை" என்று பிள்ளைகள் மேலே யோசிப்பதை விட்டுவிடுவார்கள். அதனால் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் முக்கோணத்தை இழுக்கவிட்டேன். ஒருத்தி எழுந்து "டீச்சர், 48.3, 61.4, 70.4. கூட்டினால் 180.1 வருது!" என்றாள். வகுப்பே கம்ப்யூட்டருக்குத் தப்பு என்று கூத்தாடியது. இரண்டு தசம இடத்துக்கு மாற்றினேன்: 48.26, 61.37, 70.37. முழுமையாக்கல் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் நூறு முக்கோணத்தை இழுத்தாலும் அது நிரூபணம் ஆகாது. அதற்குக் கரும்பலகையில் உச்சி வழியே ஓர் இணைகோடு வரைந்தாக வேண்டும்.

பழைய லேப்:
மேகலா டீச்சர், அந்த 180.1 மெஷின் முழுமையாக்கியதில் வந்தது. என் 10.9 அவன் கை செய்த தப்பு. இரண்டும் வேறு. ஆனால் 60 பாகை விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதை நூலில் பிடிக்கத் திணற வேண்டும்.

நூல்குண்டு:
2005-ல் கொலராடோவிலேயே மின்சுற்றில் சோதித்திருக்கிறார்கள். பாவனையில் பழகிய கல்லூரி மாணவர்கள், நிஜ பல்பும் கம்பியும் வைத்துப் பழகியவர்களைவிட நிஜச் சுற்றை நன்றாக அமைத்தார்கள்.

பழைய லேப்:
மின்சுற்றில் எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாது, திரை காட்டுகிறது, சரி. ஊசலில் ஒளிந்திருப்பது என்ன? கண் முன்னால்தானே ஆடுகிறது!

ஓசூர் அப்பா:
நான் வாத்தியார் இல்லை, பதினொன்றில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டில் ஒரே போன், அது என்னோடு நைட் ஷிஃப்டுக்கு வந்துவிடும். "வீட்டில் பார்த்துவிட்டு வா" என்றால் அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நூல்குண்டு:
மன்னிக்கவும் சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. அதை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு நெட் வேண்டாம். இனிமேல் பள்ளி ஹைடெக் லேபிலேயே (கணினி அறை) முடித்துவிடுகிறோம், வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.
ஐயா, அடுத்த பேட்சில் பாதிப் பேருக்கு நூல் முதலில், பாதிப் பேருக்குத் திரை முதலில். ரீடிங்கைக் கொண்டுவந்து இங்கேயே போடுகிறேன்.

பழைய லேப்:
போடுங்கள். ஆனால் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். அடித்துத் திருத்தியதும் எனக்குத் தெரிய வேண்டும்.