பேரனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்: இப்போதைய படங்கள் பற்றி ஒரு பழைய ரசிகன்

மன்னார்குடி தாத்தா:
எனக்கு 69 வயது. அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டு வலி வந்த பிறகும் மாதம் இரண்டு படமாவது தியேட்டரில் பார்த்துவிடுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் உறுத்துவதை எழுதுகிறேன்.

1980-இல் கல்யாணமான புதிதில் மனைவியோடு முரட்டுக்காளை பார்த்தேன். 1995 பொங்கலுக்கு மகளை பாட்ஷாவுக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு அப்போது 12 வயது. 2025 ஆகஸ்டில் அவள் மகனுக்கும் 12 வயது. கூலி பார்க்க பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்தான். படத்துக்கு ஏ சான்றிதழ் என்பதால் வாசலில் இருந்தவர் பிள்ளையை விட முடியாது என்றார். அவர் செய்தது சரி, சட்டம் அப்படி. திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். சிநேகிதன் செத்துப்போன செய்தி கேட்டு வரும் ஒரு வயதானவரின் கதை அது. சத்யராஜும் ரஜினியும் இருக்கும்போது அந்தத் துக்கம் போதாதா? எத்தனை பேரை வெட்டுகிறார்கள், எதற்கு வெட்டுகிறார்கள் என்று பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. 2024-இல் கங்குவாவுக்குப் போய் இடைவேளையில் தலைவலியோடு எழுந்து வந்தவன் நான். நாலு பேர் சேர்ந்தாற்போல் கத்தியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

அதே வருஷம் மெய்யழகன் வந்தது. நீடாமங்கலம் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். இருபது வருஷத்துக்கு மேல் ஊர்ப் பக்கமே வராதவன் தங்கை கல்யாணத்துக்கு வருகிறான். அவன் கொண்டுவந்த நகையை அந்தப் பெண் மேடையிலேயே பிரித்துப் போட்டுக்கொள்கிறாள். என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேண்டியது அந்த மாதிரிப் படம்.

முதல்நாள் முதல்காட்சி:
சார், பேரன் விஷயம் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மற்றதில் உடன்பட முடியவில்லை. கூலிக்கு ஏ கிடைத்தது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இது பெரியவர்களுக்கான படம் என்று அந்தச் சான்றிதழ் வெளிப்படையாகச் சொல்கிறது. ரத்தத்தைக் காட்டிவிட்டுக் குழந்தைகளையும் உட்காரவைப்பதைவிட இது நேர்மை இல்லையா?

அப்புறம் வன்முறை இப்போதுதான் வந்ததா? சிகப்பு ரோஜாக்கள் 1978. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பவன்தான் அதில் கதாநாயகன். தேவர் மகன் 1992. கதாநாயகன் கையாலேயே தலை துண்டாகிறது. அதை எல்லாம் குடும்பத்தோடு பார்த்துவிட்டு, இப்போது மட்டும் முகம் சுளித்தால் எப்படி?

மெய்யழகன் நல்ல படம்தான். ஆனால் மூன்று மணி நேரப் பேச்சு. வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் அவர்களே குறைத்தார்கள். தியேட்டரில் இருந்தவர்கள் நெளிந்ததால்தானே குறைத்தார்கள்?

மன்னார்குடி தாத்தா:
தம்பி, தேவர் மகனை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்தத் தலை விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று இன்னொரு தடவை பாருங்கள். லண்டனில் படித்துவிட்டு வந்தவன், தான் எதற்குப் பயந்தானோ அதுவாகவே ஆகிவிட்டோம் என்று உடைந்து அழுகிறான். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊரைக் கெஞ்சிவிட்டு ரயில் ஏறுகிறான். ஒரு கொலை ஒரு மனிதனின் வாழ்க்கையையே தின்றுவிட்டது என்று தெரிந்துதான் நாங்கள் எழுந்து வந்தோம். என் மகளுக்கு அன்றைக்கு ஒன்பது வயது. 'அவருக்கு இனிமேல் என்ன ஆகும்' என்று வழி எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது ஒரே சண்டையில் முப்பது பேர் விழுகிறார்கள். அவர்களுக்கு வீடு இல்லை, அம்மா இல்லை, அடுத்த காட்சியில் பிணம்கூட இல்லை. ரத்தத்தின் அளவைப் பற்றி நான் பேசவே இல்லை. செத்தவனுக்காக அழ ஓர் ஆள் வேண்டும், அது இல்லையே என்றுதான் சொல்கிறேன்.

18 நிமிடம் குறைத்ததைக் கேட்டீர்கள். முதல் வாரம் நான் பார்த்த படமும், அடுத்த வாரம் என் தங்கையைக் கூட்டிப்போய்க் காட்டிய படமும் ஒன்றாக இல்லை. அவளுக்காக நான் காத்திருந்த பேச்சு சில வரவே இல்லை. நெளிந்தவர்கள் இருந்திருக்கலாம். அழுதவர்களும் இருந்தோமே, எங்களை யார் கேட்டார்கள்?

ஒலிக்கலவை:
ஐயா, கங்குவா தலைவலிக்கு உங்கள் வயது காரணம் இல்லை. நான் ஒலிக்கலவை ஸ்டுடியோவில் உதவியாளராக வேலை செய்கிறேன். அந்தப் படம் வந்தபோது, ஸ்லம்டாக் மில்லியனேருக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியே சத்தம் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டு எழுதினார். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜாவும் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்.

அந்த 'புள்ளி' என்ன என்று சொல்கிறேன். தியேட்டர் ஒலிக்கருவியில் 7 என்பது நிலையான அளவு. ஸ்டுடியோவிலும் அதே அளவில் வைத்துத்தான் கலக்க வேண்டும். ஆனால் சத்தம் தாங்காமல் தியேட்டர்காரர் 5-க்கு இறக்கி வைக்கிறார். அது தெரிந்ததும், தன் படம் மட்டும் மெலிதாகக் கேட்டுவிடக் கூடாதே என்று இயக்குநர் எங்களை ஏற்றச் சொல்கிறார். ஏற்றி அனுப்பினால் அவர் இன்னும் இறக்குகிறார். இதில் அடிபடுவது வசனம்தான். வெடியும் தபேலாவும் எந்த அளவில் வைத்தாலும் கேட்கும். ஒருவர் மெதுவாகப் பேசியது போய்விடும். வெடியை மட்டும் தனியாக இறக்க முடியாதே, எல்லாவற்றுக்கும் ஒரே குமிழ்தான்.

என் கருத்து: குற்றம் படத்துடையது மட்டும் இல்லை. நல்ல கலவை உள்ள படம்கூட நம் ஊர்த் தியேட்டர்களில் கெட்டுப்போகிறது.

முதல்நாள் முதல்காட்சி:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'செத்தவனுக்காக அழ ஆள் வேண்டும்' என்பதை எல்லாப் படத்துக்கும் விதியாக்கிவிட்டால் சண்டைப் படம் என்ற வகையே இருக்காது சார். முரட்டுக்காளை ரயில் சண்டையில் விழுந்தவர்களுக்கு யார் அழுதார்கள்? நீங்கள் கைதட்டினீர்கள். நான் இப்போது தட்டுகிறேன். வாரம் முழுக்க ஒரு கிடங்கில் நின்று வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி முந்நூறு பேரோடு சேர்ந்து கத்துவது எனக்குத் தேவையாக இருக்கிறது. அது தரம் குறைந்த ஆசை என்று நீங்கள் சொன்னால் அதை ஏற்க மாட்டேன்.

பைசன் படத்தில் அரிவாளே இல்லையா? அதைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

இரண்டாம் ஆட்டம்:
நடுவில் வருகிறேன். மதுரையில் ஆசிரியை, 46 வயது. தாத்தா பேசுவதில் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'அப்போது குடும்பத்தோடு பார்த்தோம்' என்பதை மட்டும் விட்டுவிட முடியவில்லை. குடும்பத்தில் பெண்களும் இருந்தோம். 1982-இல் ஓடு ஓடு என்று ஓடிய சகலகலா வல்லவனில், தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைக்கக் கதாநாயகன் பாடுபடுகிறான். அதைக் குடும்பப் படம் என்றுதான் எங்கள் வீட்டில் கூட்டிப்போனார்கள். அந்தப் படத்துக்கு ஏ வேண்டாம், கூலிக்கு வேண்டுமா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

லப்பர் பந்து பார்த்தீர்களா ஐயா? புருஷன் கிரிக்கெட் கிரிக்கெட் என்று அலைகிறான் என்று டிராக்டரை எடுத்துவந்து ஆடுகளத்தையே உழுதுவிடுகிறாள் யசோதை. என் அம்மாவுக்கு 74 வயது, அந்தக் காட்சிக்குக் கைதட்டினார். விஜயகாந்த் பாட்டு வரும்போது தியேட்டரே அதிர்ந்தது, அம்மா காதைப் பொத்தவில்லை. ஆகச் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. யாருக்காகக் கத்துகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

மன்னார்குடி தாத்தா:
டீச்சர், சகலகலா வல்லவன் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான். என் மனைவி அன்றைக்கு என்ன நினைத்தாள் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

லப்பர் பந்து இரண்டு தடவை பார்த்தேன். மாமனாரும் மருமகனும் மைதானத்தில் முறைத்துக்கொள்கிற கதை. எதிரி என்று யாருமே இல்லை, ஆனாலும் நகத்தைக் கடிக்க வைத்தார்கள்.

தம்பி, கைதட்டுவது தரம் குறைந்த ஆசை என்று நான் சொல்லவே மாட்டேன். முரட்டுக்காளைக்கு நான் தட்டியது உண்மை. பைசனுக்கு வருகிறேன். அதில் வெட்டுக்குத்து கூலிக்குக் குறைந்ததில்லை. ஆனால் பசுபதி இருக்கிறார். மகன் கபடிக்குப் போனால் உயிரோடு திரும்புவானா என்று ஒரு அப்பா பயந்து பயந்து சாகிறார். அந்தப் பயம் இருப்பதால் ஒவ்வொரு அரிவாளும் எனக்கு வலித்தது. படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஆகையால் நான் அரிவாளுக்கு எதிரி இல்லை.

யாழ் வாசகி:
வணக்கம் ஐயா. டூரிஸ்ட் ஃபேமிலி பற்றி ஒருவரும் பேசவில்லையே. இலங்கையிலிருந்து கள்ளமாகப் படகேறி வந்த குடும்பம் சென்னையில் அயலவரோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்ற கதை. நீங்கள் கேட்கிற மெதுவான, அன்பான படம்தான். ஆனால் எனக்கு அதில் மனக்குறை உண்டு. எங்கள் பேச்சு சில இடங்களில் சரியாக வருகிறது, சில இடங்களில் சென்னைக்கே போய்விடுகிறது. நாங்கள் பட்ட பாட்டை அவ்வளவு இலகுவாகக் கடந்துவிட்டார்கள் என்றும் தோன்றியது. மெதுவாகப் பேசினால் மட்டும் உண்மையாகிவிடாது.

மன்னார்குடி தாத்தா:
தங்கச்சி, நான் அந்தப் படத்தில் கண் கலங்கினேன். பேச்சு வழக்கில் உள்ள பிசகு எனக்குக் காதில் படவே இல்லை. உங்களுக்குப் பட்டிருக்கிறது என்றால் நீங்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். நீடாமங்கலத்தை யாராவது கோயம்புத்தூர்ப் பேச்சில் எடுத்திருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். ஆனாலும் 2025 மே முதல் தேதி, சூர்யா படம் வந்த அதே நாளில், புது இயக்குநர் ஒருவர் இந்தப் படத்தை விட்டு ஓட்டிக் காட்டினாரே, அதற்கு நான் நன்றி சொல்வேன்.

எல்லாச் சின்னப் படத்துக்கும் அது வாய்ப்பதில்லை. கொட்டுக்காளியை நான் பார்த்தபோது எங்களையும் சேர்த்து ஏழு பேர். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தமும், கட்டிப்போட்ட சேவலும், வாய் திறக்காத அந்தப் பெண்ணும்தான். ஒலிக்கலவைத் தம்பி, அந்த அரங்கில் எதிர்வரிசைக்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூன்றாம் நாள் என் சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போனால் படத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். 'நாலு வாரம் பொறுங்கள், போனில் வந்துவிடும்' என்றார்கள். அவருக்குக் கண் சரியில்லை. போனில் எப்படிப் பார்ப்பார்?

முதல்நாள் முதல்காட்சி:
ஏழு பேருக்காகக் கரண்ட் பில் கட்டித் திரை ஓட்ட முடியுமா சார்? நான் கத்திப் பார்க்கிற படம் கொடுக்கிற பணத்தில்தான் அந்தத் தியேட்டர் திறந்தே இருக்கிறது. கூலி மாதிரி நாலு படம் இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தியேட்டர் கல்யாண மண்டபமாகியிருக்கும்.

மன்னார்குடி தாத்தா:
அதை மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி மண்டபமான தியேட்டரில்தான் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெரிய படம் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. அந்தப் பெரிய படத்துக்குள் என் பேரனுக்கும் எனக்கும் ஓர் இடம் கேட்கிறேன். ஏ வாங்காமல், காதைக் கிழிக்காமல், ரஜினிக்கு ஒரு கதை எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இல்லையா? பாட்ஷாவில் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது அவர் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டு நிற்பாரே, மொத்தப் படத்திலும் என் மகளுக்கு இன்றைக்கும் மறக்காத இடம் அதுதான்.

பேரன் அடுத்த விடுமுறைக்கு வருகிறான். 13 ஆகிவிடும். சான்றிதழில் யுஏ 13 பிளஸ் என்று ஒரு பிரிவு வந்திருக்கிறதாமே, அதில் அவனும் நானும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வந்தால் இங்கே எழுதுங்கள் தம்பி. சண்டை இருந்தாலும் பரவாயில்லை.

முதல்நாள் முதல்காட்சி:
எழுதுகிறேன் சார். ஆனால் பாட்ஷாவில் அந்தக் கம்பத்துக்கு அப்புறம் வருகிற அடிபம்புச் சண்டைதான் எனக்கு மறக்காத இடம்.