பேங்காக் வேலை, டூரிஸ்ட் விசா: ஏஜென்ட்டை எப்படிச் சரிபார்ப்பது?

சேரம்பாடி வாசி:
எங்க பக்கம் ஒருத்தர் பேங்காக்குக்கு ஆள் எடுக்கிறார். டேட்டா என்ட்ரி, மாசம் 80,000, ரூம், சாப்பாடு இலவசம். ஒன்றரை லட்சம் கேட்கிறார், பாதி முன்பணம். விசா பத்திக் கேட்டா, "டூரிஸ்ட்ல போங்க, அங்க மாத்திக்கலாம்"ங்கிறார். லைசென்ஸ் நம்பர் ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். தங்கச்சி பையன் பி.காம்., பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டான். தப்பான ஆளா இருந்தா ஏர்போர்ட்டிலேயே நிறுத்திடுவாங்கதானே?

நாடுகாணி:
அதை நம்பி இருக்காதீங்க அண்ணா. 1983 குடியேற்றச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டியது இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசுச் சோதனை தேவைங்கிற குறிப்பு) பாஸ்போர்ட் உள்ளவங்க, அதுவும் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும். பத்தாவது பாஸ் ஆனவங்களுக்கு இ.சி.ஆர். கிடையாது. தாய்லாந்து அந்த 18-ல் இருக்கு, ஆனா பையன் பட்டதாரி, போறதோ சுற்றுலாப் பயணியா. இரண்டு வகையிலும் அந்தச் சோதனையில் சிக்கமாட்டான். 2023 நவம்பரில் இருந்து இந்தியர்கள் தாய்லாந்தில் விசா இல்லாமலே இறங்கலாம்னு ஆனதும் ஏஜென்ட்டுகளுக்கு இன்னும் வசதி. இமிக்ரேஷன் கவுண்டரில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புறதும் உண்டு. அதுக்குத்தான் ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் போட்டு, "டூர்னு சொல்லு"ன்னு பழக்கி அனுப்புறாங்க.

இறங்கினதும் கார் மே சோட்டுக்குப் போகும். அது மியான்மர் எல்லை ஊர், பேங்காக்கில் இருந்து ஏழெட்டு மணி நேரம். மோய் ஆற்றைத் தாண்டினா மியாவடி, ஆளைப் பிடிச்சு வெச்சு வேலை வாங்குற ஆன்லைன் மோசடி முகாம்கள் இருக்கிற இடம். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களை மே சோட்டில் இருந்துதான் கூட்டி வந்தது. "வேலை இடம் மே சோட்"னு காதில் விழுந்தாலே டிக்கெட்டை ரத்து பண்ணுங்க.

கோத்தகிரி தேயிலை:
லைசென்ஸ் நம்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அடுத்தவன் நம்பரைப் போட்டுக்கிறது சாதாரணம். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் (emigrate.gov.in) பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு. நம்பர் நடப்பில் இருக்கா, காலாவதியா, நிறுத்தி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. அப்புறம் முக்கியமான வேலை: அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு, "இன்னார் உங்க ஆளா?"ன்னு கேளுங்க. ஏஜென்ட் கொடுத்த நம்பருக்குப் போட்டா அவன் கூட்டாளிதான் எடுப்பான்.

சட்டப்படி சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது கட்டாயம். ஒன்றரை லட்சம்னதுமே கதை முடிஞ்சுது. முதலாளி பேர், சம்பளம் எழுதின ஒப்பந்தமும் வேலை விசாவும் கிளம்பும் முன்னாடியே கையில் வரணும். அரசுத் தரப்பில் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, முதல்ல அங்க என்ன காலியிருக்குன்னு பாக்கலாம்.

பந்தலூர் வக்கீல்:
பாஸ்போர்ட்டை இன்னைக்கே திரும்ப வாங்குங்க. அது அரசின் சொத்து, ஏஜென்ட் பிடிச்சு வெச்சுக்க உரிமை கிடையாது. தர மறுத்தா அதையே புகாரில் எழுதுங்க. பதிவில்லாம ஆள் எடுத்தா குடியேற்றச் சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. 1983-ல் அது பணம், இன்னைக்கு எவன் பயப்படுவான்? அதனால மோசடிக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 318-ம் பிரிவும், ஆள் கடத்தலுக்கு ஆதாரம் இருந்தா 143-ம் சேர்க்கச் சொல்லி எழுதுங்க. 143-ல் குறைந்தது ஏழு வருஷம்.

வாட்ஸ்அப்பில் "மறையும் செய்தி" போட்டிருப்பான். நம்பர் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் நோட், ஜிபே ரசீது எல்லாத்தையும் வேற போனுக்கு மாத்திட்டு ஊட்டி எஸ்.பி. ஆபீசுக்குப் போங்க.

நாடுகாணி:
இன்னொண்ணு. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கிற எஸ்டேட் லைன்களில் ஆஸ்திரேலியாவுக்குப் படகுன்னு பேச்சு வந்தா அதையும் நம்பவிடாதீங்க. 2013 ஜூலை 19-ல் இருந்தே, படகில் வர்றவங்களைக் குடியேற விடமாட்டோம்னு ஆஸ்திரேலியா அறிவிச்சிருச்சு. வழியிலேயே திருப்பிடுவாங்க, இல்லைன்னா பசிபிக்கில் இருக்கிற நவ்ரு தீவுக்கு அனுப்பிடுவாங்க. 2019 ஜனவரியில் கேரளா முனம்பத்தில் நூறு பேருக்கு மேல ஏறிப் போன படகு என்னாச்சுன்னு இன்னும் தெரியலை.

சேரம்பாடி வாசி:
முன்பணம் 20,000 ஜிபேல போயிருக்கு. வருமா?

பந்தலூர் வக்கீல்:
போட்டு எத்தனை நாளாச்சு? உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) போன் பண்ணி யு.டி.ஆர். எண்ணை, அதாவது ரசீதில் இருக்கிற பணப் பரிமாற்ற எண்ணைச் சொல்லுங்க. பணம் இன்னும் அந்தக் கணக்கில் கிடந்தா முடக்க முடியும், எடுத்துட்டான்னா கோர்ட் வழிதான்.