டிவிடெண்ட் கூடிக்கொண்டே போகும் பங்குகளை எப்படிப் பொறுக்குகிறீர்கள்? அவரவர் அனுபவம்

காரைக்குடிக்காரன்:

டிவிடெண்ட் ஈல்டு எதில் அதிகம் என்று வரிசைப்படுத்தி, மேலே நிற்பதை வாங்குவது சரிவராது என்பது என் கட்சி. கடந்த 12 மாதம் கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவதுதான் ஈல்டு. விலை சரிந்தாலும் அது ஏறும், ஒரே ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தாலும் ஏறும். வேதாந்தா 2022-23ல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. அடுத்த வருஷம் 29.50. 2023 ஏப்ரலில் ஈல்டைப் பார்த்துத் தேடியவர் கண்ணில் முதலில் எது பட்டிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கம்பெனியைக் குறை சொல்லவில்லை, உலோக வியாபாரம் ஏறி இறங்கத்தான் செய்யும். மாதச் செலவுக்கு நம்பியிருப்பவருக்கு அது தோதுப்படாது, அவ்வளவுதான்.

நான் தேடுவது வேறு. இன்றைக்கு 3 சதவீதம் வந்தாலும் போதும், ஆனால் வருஷா வருஷம் கூட வேண்டும். ஆண்டுக்கு 10 சதவீதம் கூடினால், போட்ட முதலுக்கு ஒன்பது வருஷத்தில் 7 சதவீதம் ஆகிவிடும், அதற்குப் பிறகும் ஏறும். பாங்க் டெபாசிட் அப்படி ஏறாது. மளிகைப் பாக்கி மட்டும்தான் ஏறும்.

இதில் எனக்கு வழி காட்டியவர் கானாடுகாத்தானில் இருக்கும் என் அயித்தை. எண்பதைத் தாண்டியவர். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்று இருக்கிறது. கம்பெனிக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வருஷம், நடுவில் பங்குக்கு வந்த டிவிடெண்ட், அதற்கு அடுத்து பாங்கில் வரவான மொத்தத் தொகை. வலது ஓரத்தில் பென்சிலில் ஒரு சொல் அல்லது ஒரு வரி.

ஐடிசி பக்கத்தைத் திறந்து காட்டினார். 2022-23ல் 15.50. 2023-24ல் 13.75.

"குறைஞ்சுபோச்சே அயித்தை" என்றேன்.

"பென்சில்ல என்ன எழுதியிருக்கேன்னு படிச்சியாப்பா?"

'இதில் 2.75 தனி' என்று எழுதியிருந்தார். அதாவது சிறப்பு டிவிடெண்ட், அந்த வருஷத்தோடு சரி. அதைக் கழித்தால் 12.75, அப்புறம் 13.75, அதற்கடுத்த வருஷம் 14.35. ஏறித்தான் வந்திருக்கிறது. 'ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தைவிட அதிகம்' என்று கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டினால் இந்தப் பங்கு வெளியே போயிருக்கும்.

இன்போசிஸ் பக்கத்தில் 2018ல் 'ஒன்றுக்கு ஒன்று போனஸ்' என்று குறித்திருந்தார். பங்குக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் அந்த இடத்தில் விழுந்தது போலத் தெரியும். மொத்த வரவுப் பத்தியில் விழவில்லை, ஏனென்றால் பங்கு இரண்டு மடங்காகிவிட்டது. சில இணையதளங்கள் இதைச் சரிசெய்து காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. அதனால் நானும் இப்போது மொத்த வரவைத்தான் பார்க்கிறேன்.

பாங்க் பங்குகளில் 2020ஐத் தனியாக வைக்க வேண்டும். கொரோனா சமயத்தில், அந்த வருஷம் ஏப்ரல் 17 அன்று, 2019-20 லாபத்திலிருந்து பாங்குகள் இனி டிவிடெண்ட் கொடுக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அடுத்த வருஷமும் வரம்போடுதான் விட்டது. எச்டிஎஃப்சி பாங்க் 2020-21க்குக் கொடுத்தது 6.50, அடுத்த வருஷம் 15.50, 2024-25க்கு 22 (2025 போனஸுக்கு முந்தைய கணக்கு). 'பத்து வருஷம் தடங்கல் இல்லாமல்' என்று போட்டால் இந்த மாதிரி பாங்குகள் தாங்கள் செய்யாத குற்றத்துக்கு வெளியே நிற்கும்.

இவற்றையெல்லாம் நேர்செய்த பிறகுதான் மற்றதைப் பார்க்கிறேன். லாபத்தில் எத்தனை சதவீதம் டிவிடெண்டாகப் போகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அது 90ஐத் தாண்டினாலே ஆபத்து என்றும் சொல்ல முடியாது. இந்துஸ்தான் யூனிலீவர் மாதிரி சோப்பு, ஷாம்பு விற்கும் கம்பெனிக்குப் புதிய ஆலைக்குப் பெரிய முதல் தேவைப்படாது, லாபத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடலாம். ஆனால் அப்படிக் கொடுக்கும் இடத்தில் லாபம் கூடினால்தான் டிவிடெண்ட் கூடும், ஒதுக்கி வைத்ததிலிருந்து எடுக்க ஒன்றுமிருக்காது.

எனக்கு முக்கியம் ரொக்கம். ஆண்டறிக்கையில் உள்ள ரொக்க ஓட்ட அறிக்கையில் ஐந்து வருஷத்தைக் கூட்டுகிறேன். தொழிலிலிருந்து வந்த ரொக்கம், அதில் ஆலை, எந்திரத்துக்குப் போனது, மிச்சம். அந்த மிச்சத்துக்குள் டிவிடெண்ட் அடங்குகிறதா? அடங்காமல், அதே பக்கத்தில் 'பெற்ற கடன்' வருஷா வருஷம் ஏறினால், கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஒரு கூட்டலில் என் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

தேவகோட்டை ஆச்சி:

அண்ணே, வரியை விட்டுவிட்டீர்களே. 2020 மார்ச் வரை கம்பெனியே டிவிடெண்ட் வரி கட்டிவிடும், நம் கையில் வருவது பெரும்பாலும் முழுசு. ஏப்ரலிலிருந்து அது நம் வருமானத்தில் சேர்ந்து, நம் வரி அடுக்குப்படி போகிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 3 சதவீத ஈல்டை 2 என்றே எண்ண வேண்டும்.

எங்கள் வீட்டில் அவர்கள் ரிட்டயர் ஆனவர்கள், வரி வரம்புக்குள்தான் வருமானம். ஆனாலும் ஒரே கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 5,000 ரூபாய் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000. பிடிக்காமல் இருக்க, 'எனக்கு வரி வராது' என்று மூத்தவர்கள் எழுதிக் கொடுக்கும் 15-எச் படிவத்தை ஒவ்வொரு கம்பெனியின் பதிவாளருக்கும் (பங்குதாரர் பட்டியலை வைத்திருப்பவர்) தனித்தனியாக, ரெக்கார்டு தேதிக்கு (அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட்) முன்னால் அனுப்பினோம். ஒரு பதிவாளர் அலுவலகம் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிடித்தமும் செய்தது. ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கினோம்.

பள்ளத்தூர் மாப்பிள்ளை:

எங்கள் அனுபவம் பெட்டகத்திலிருந்து வந்தது. ஐயா காலமான பிறகு பங்காளிகள் எல்லோரும் கூடி வீட்டைத் திறந்தபோது, இரண்டாம் கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி நிறைய காகிதப் பங்குச் சான்றிதழ்கள். மேலே கரையான் அரித்த டிவிடெண்ட் வாரண்டுகள் (டிவிடெண்டுக்கு வரும் செக் மாதிரிச் சீட்டு), பாங்கில் போடாமலே கிடந்தவை.

ஏழு வருஷம் தொடர்ந்து வாங்காத டிவிடெண்ட் மட்டுமல்ல, அந்தப் பங்குகளே ஐஇபிஎஃப் என்கிற அரசு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெற ஐஇபிஎஃப்-5 படிவம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பங்கை இன்னொருவருக்கு விற்று மாற்றிக் கொடுக்கவும் முடியாது, வாரிசு மாற்றம் செய்து டிமேட்டுக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) கொண்டுவர வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மலேசியாவில் இருக்கும் சித்தப்பா கையெழுத்து என்று அலைந்தோம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இங்கே சொல்ல வந்தது வேறு. அந்தப் பெட்டியில் இருந்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. பஞ்சாலை, சணல், சர்க்கரை. ஐயா காலத்தில் எல்லாமே ஒழுங்காக டிவிடெண்ட் கொடுத்தவை, வாரண்டுகளே சாட்சி. இன்றைக்குப் பங்குகளை வடிகட்டித் தேடும் ஸ்கிரீனரைத் திறந்து 'இருபது வருஷமாகக் கொடுப்பவை' என்று தேடினால் பிழைத்தவை மட்டும்தான் வரும், செத்தவை பட்டியலிலேயே இருக்காது. பழைய சாதனையைப் பார்த்து ரொம்ப மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று. முருகப்பா குழுமத்தாருக்குப் பூர்வீகம் எங்கள் பள்ளத்தூர். ஊர்ப் பாசத்தில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், சோழமண்டலம் என்று வாங்கியவர்கள் இங்கே அதிகம். விலையில் நன்றாகச் சம்பாதித்திருக்கிறார்கள். ஆனால் லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போடுகிற கம்பெனிகள் அவை, ஈல்டு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மாத வருமானக் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஆத்தங்குடி, இப்போது சிங்கப்பூர்:

அரசு கம்பெனிகளை யாரும் தொடவில்லையே? 2016ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) 5 சதவீதம், எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும். 2024ல் அந்த 5ஐ 4 ஆக்கினார்கள். கோல் இந்தியா 2020-21ல் 16, அப்புறம் 17, 24.25, 25.50, 26.50. இதைவிட அழகாக எது ஏறும்?

காரைக்குடிக்காரன்:

தம்பி, இன்னும் ஐந்து வருஷம் பின்னால் போங்கள். 2015-16ல் 27.40. அடுத்து 19.90, 16.50, 13.10, 12. நீங்கள் தொடங்கிய இடம் பள்ளத்தை ஒட்டியது, அதனால்தான் ஏற்றமாகத் தெரிகிறது. ஒன்பது வருஷம் ஆகியும் 2024-25ன் 26.50 பழைய 27.40ஐத் தொடவில்லை. நல்ல வருமானம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வளரும் டிவிடெண்ட் என்ற அடுக்கில் அதை வைக்க மாட்டேன். அங்கே பெரிய முதலாளி அரசாங்கம். எவ்வளவு எடுப்பது என்பதில் பட்ஜெட் தேவைக்கும் பங்கு உண்டு.

தேவகோட்டை ஆச்சி:

எத்தனை கம்பெனி வைத்திருக்கிறீர்கள் அண்ணே?

காரைக்குடிக்காரன்:

பதினைந்திலிருந்து இருபதுக்குள். எந்தக் கம்பெனியிலிருந்து வரும் டிவிடெண்டும் மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது, ஒரே துறையிலிருந்து வருவது கால்வாசியைத் தாண்டக் கூடாது. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1930களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம், அங்கே வட்டிக்குக் கொடுத்திருந்த நம் நகரத்தார் (செட்டியார்கள்) கைக்கு வந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள், பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. வருமானம் முழுவதும் ஒரே ஊர், ஒரே விளைச்சல்.

பள்ளத்தூர் மாப்பிள்ளை:

டிவிடெண்டைக் குறைத்துவிட்டால் உடனே விற்பீர்களா?

காரைக்குடிக்காரன்:

குறைத்ததற்காக மட்டும் விற்க மாட்டேன். 2020ல் குறைத்துவிட்டு, இரண்டு வருஷத்தில் பழைய அளவைத் தாண்டியவை என்னிடம் இருக்கின்றன. அப்போது பார்த்தது கடனைத்தான், அது ஏறவில்லை, அதனால் தொடவில்லை. லாபம் விழுந்த வருஷத்தில் பழைய டிவிடெண்டைக் காப்பாற்றக் கடன் வாங்கின ஒரு கம்பெனியை, அது பைசா குறைக்காதபோதே விற்றுவிட்டேன். முதல் ஐநூறு பெரிய கம்பெனிகள் என்றில்லை, ஆயிரம் வரைக்கும் டிவிடெண்ட் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. இந்த மாதிரி சமயத்தில் அதைத் திறந்து படியுங்கள். எந்தச் சூழ்நிலையில் குறைப்போம் என்று அதிலேயே போட்டிருப்பார்கள்.