எஸ்எஸ்ஓவில் கணக்கை முடக்கிய பிறகும் டெர்மினல் ஓடுகிறதே, எப்படி?

மேகவாசி:
வணக்கம். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குகள் ஒன்பது இருக்கின்றன. முன்பு ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு ஐஏஎம் யூசர் (அந்தக் கணக்குக்குள்ளேயே உருவாக்கும் பயனர்), ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதையெல்லாம் ஒழித்துவிட்டு ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டருக்கு, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்எஸ்ஓவுக்கு (ஒரே லாகினில் எல்லாக் கணக்கிலும் நுழையும் வசதி), மாறினோம். ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில் ஒருமுறை லாகின் செய்தால் போர்ட்டலில் ஒன்பது கணக்கும் வரிசையாக வந்து நிற்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்குக் கடைசி நாள். மாலை 5 மணிக்கு என்ட்ராவில் அவர் கணக்கை நானே முடக்கினேன். திங்கட்கிழமை கிளவுட்டிரெயில் பதிவுகளை (யார் எப்போது என்ன செய்தார் என்ற ஏடபிள்யூஎஸ் குறிப்பு) பார்த்தால், சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அவர் பெயரில் எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) அழைப்புகள் போயிருக்கின்றன! கேட்டதற்கு, ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு மறந்துவிட்டேன் என்றார். அது உண்மைதான், ஆள் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கை முடக்கி 28 மணி நேரம் கழித்தும் எப்படி உள்ளே போக முடிகிறது? ஒரே இடத்தில் பூட்டினால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லித்தானே மேலதிகாரியிடம் இதற்கு அனுமதி வாங்கினேன்?

கறுப்புத்திரை:
பெர்மிஷன் செட்டில் (யாருக்கு என்ன அனுமதி என்ற தொகுப்பு) செஷன் நேரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? ஒருமுறை கிடைத்த ரோல் கீ (அந்த அனுமதிகளுக்கான தற்காலிகச் சாவி) அந்த நேரம் முடியும் வரை வேலை செய்யும். இயல்பாக 1 மணி நேரம், கூட்டினால் 12 மணி நேரம் வரை போகலாம்.

மேகவாசி:
4 மணி நேரம்தான். அப்படியே 12 வைத்திருந்தாலும் 28 எப்படி வரும்?

இரவுப்பணி:
கறுப்புத்திரை சொன்னது பாதிக் காரணம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: அந்தப் பதிவில் அக்சஸ் கீ எப்படித் தொடங்குகிறது? ஏகேஐஏ என்றால் அது பழைய ஐஏஎம் யூசரின் நிரந்தரக் கீ. எஸ்எஸ்ஓவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, யாராவது கையால் அழிக்கும் வரை அது உயிரோடு இருக்கும். ஏஎஸ்ஐஏ என்றால் தற்காலிகக் கீ. கூடவே ரோல் பெயர் ஏடபிள்யூஎஸ்ரிசர்வ்ட்எஸ்எஸ்ஓ என்று தொடங்கினால் ஐடென்டிட்டி சென்டர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

இரண்டாவது வகை என்றால் விஷயம் இதுதான். இங்கே ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, இரண்டு. ஒன்று ரோல் செஷன், அதாவது உங்கள் 4 மணி நேரம். இன்னொன்று போர்ட்டல் செஷன். அது இயல்பாக 8 மணி நேரம், ஆனால் 90 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். டெர்மினலில் எஸ்எஸ்ஓ லாகின் கட்டளை கொடுத்ததும் ஒரு டோக்கன் ஏடபிள்யூஎஸ் ஃபோல்டருக்குள் கேஷில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரோல் கீ காலாவதியானால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அந்த டோக்கனைக் காட்டிப் புதுக் கீ வாங்கிக்கொள்ளும். என்ட்ராவிடம் யாரும் மறுபடி போய்க் கேட்பதில்லை. நீங்கள் பூட்டியது வாசல் கதவை, அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஸ்கிம். 2005இல் வந்த எஸ்ஏஎம்எல் 2.0 வழி என்ட்ரா கையெழுத்திட்டுக் கொடுப்பது, லாகின் செய்த அந்த நொடியில் இவர் இன்னார் என்பதற்கான சான்று, அவ்வளவுதான். நாளைக்கு அவர் வேலையை விட்டுப் போனால் அந்தச் சான்று திரும்பிவந்து அதைச் சொல்லாது. ஆள் சேர்ந்தார், போனார் என்ற செய்தியைக் கொண்டுபோக ஸ்கிம் 2.0 என்ற வேறு வழி இருக்கிறது, 2015இல் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) ஆனது. அதை இணைக்காமல் யூசர்களை ஐடென்டிட்டி சென்டரில் கையால் சேர்த்திருந்தால், என்ட்ராவில் முடக்கியது அங்கே தெரியவே தெரியாது.

மேகவாசி:
ஏஎஸ்ஐஏதான். ரோல் பெயரும் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. போர்ட்டல் செஷனைப் பார்த்தால் 7 நாள் (டெவலப்பர்கள் தினமும் லாகின் கேட்கிறது என்று புலம்பியதால் நான்தான் மாற்றினேன், மறந்தேபோய்விட்டது). ஸ்கிம் இணைக்கவில்லை. யூசர் 30 பேர்தானே என்று கையால் சேர்த்தேன். என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இணைத்துவிட்டால் முடக்கியவுடனே நின்றுவிடுமா?

இரவுப்பணி:
உடனே நிற்காது. என்ட்ரா ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாற்றங்களைத் தள்ளுகிறது. அவசரம் என்றால் அந்த ஒருவரை மட்டும் உடனே தள்ளச் சொல்லும் வசதி அதிலேயே இருக்கிறது. இல்லையென்றால் ஐடென்டிட்டி சென்டரில் நேராகப் போய் யூசரை முடக்குங்கள், அங்கேயே அவருடைய செஷன்களையும் நீக்குங்கள். இனிப் புதுக் கீ கிடைக்காது. ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் கீ மிச்ச நேரத்துக்கு ஓடும்!

மூன்றாம்கண்:
அந்த மிச்ச நேரத்தையும் வெட்ட வழி இருக்கிறது. ஆர்கனைசேஷன்ஸில் (எல்லாக் கணக்குகளையும் சேர்த்து நிர்வகிக்கும் இடம்) ஒரு எஸ்சிபி, அதாவது கணக்குகளுக்கு மேலிருந்து போடும் கட்டுப்பாட்டு விதி, எழுதி, ஐடென்டிட்டிஸ்டோர் யூசர்ஐடி என்ற நிபந்தனையில் அவருடைய ஐடியைப் போட்டு எல்லாவற்றுக்கும் டினை (மறுப்பு) கொடுங்கள். ஆள் கிளம்பும் நாளில் உட்கார்ந்து எழுதாதீர்கள். ஐடி மட்டும் காலியாக, முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஒருமுறை இரவு 11 மணிக்கு ஜேசானில் ஒரு கமா எங்கே விடுபட்டது என்று தேடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: மற்றக் கணக்குகளை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் கணக்கை எஸ்சிபி கட்டுப்படுத்தாது. அவருக்கு அங்கேயும் ரோல் இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தூரிகை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நாங்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஷ்யூர்தான் பயன்படுத்துகிறோம். அங்கே இந்தத் தொல்லை இல்லைதானே?

கறுப்புத்திரை:
உண்டு, அளவு சின்னது. என்ட்ராவின் அக்சஸ் டோக்கன் இயல்பாக 60 முதல் 90 நிமிடம் செல்லும். கணக்கை முடக்கிய பிறகு புதுப்பிக்கப் போனால் கிடைக்காது. தொடர் அணுகல் மதிப்பீடு என்ற ஏற்பாட்டை ஆதரிக்கும் சேவைகளில் அந்தச் செய்தி 15 நிமிடத்துக்குள் போய்ச் சேரும். எது ஆதரிக்கிறது, எது ஆதரிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்கிம் இணைத்தாயிற்று, போர்ட்டல் செஷனை மறுபடி 8 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன், ரோல் 1 மணி நேரம். சோதனைக்கு ஒரு யூசரை உருவாக்கி, டெர்மினலில் நிமிடத்துக்கு ஒருமுறை கெட் காலர் ஐடென்டிட்டி (நான் யார் என்று கேட்கும் கட்டளை) ஓடவிட்டு, இரண்டு பக்கமும் முடக்கிப் பார்த்தேன். 52 நிமிடம் பதில் வந்துகொண்டே இருந்தது, அப்புறம் நின்றது. லாகின் செய்து 8 நிமிடம் கழித்துத்தான் முடக்கினேன், கணக்கு சரியாக வருகிறது.

டெவலப்பர்கள் மறுபடி புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். அது இருக்கட்டும். இரவுப்பணி சொன்னாரே என்று பழைய ஐஏஎம் யூசர்களின் கிரெடென்ஷியல் ரிப்போர்ட்டையும் (பாஸ்வேர்டு, கீ நிலவரப் பட்டியல்) எடுத்துப் பார்த்தேன். ஒன்பது கணக்கிலும் சேர்த்து உயிரோடு இருக்கும் ஏகேஐஏ கீ 14. அதில் மூன்று யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. நேராக அழித்துவிடலாமா?

மூன்றாம்கண்:
அழிக்காதீர்கள்! முதலில் இன்ஆக்டிவ் ஆக்குங்கள், யார் வந்து கத்துகிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். அழித்த கீ திரும்பிவராது.