பொன்மலை குடும்பம்: பாட்டி டிக்கெட்

நவம்பர் 4, 2025

கார்த்திக்: பாட்டி டிக்கெட் விஷயம் இன்றைக்கே முடிவாகணும். இப்போது போட்டிருப்பது வியாழன் காலை 7 மணி, ஹூஸ்டனிலிருந்து கலிபோர்னியா சான் ஹோசேவுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டன் இன்டர்கான்டினென்டல் ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வரிசை மட்டுமே மூன்று மணி நேரம்.

காயத்ரி: ஐயோ

விஜயா: தீபாவளி முடிஞ்சாச்சே, இன்னும் என்னடா கூட்டம்?

கார்த்திக்: அமெரிக்க அரசு ஷட்டவுன் அத்தை, செலவுக்குப் பணம் பாஸாகாமல் அரசு வேலை முடங்கிக் கிடக்கிறது. இன்றோடு 35 நாள். பை சோதிக்கிறவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. நிறைய பேர் உடம்பு சரியில்லை என்று லீவு.

சுந்தரம்: சம்பளம் இல்லாமல் 35 நாளா? எங்கள் ஒர்க்‌ஷாப்பில் 35 நிமிஷம் நடந்திருக்காது.

ராஜி: சனிக்கிழமை குழந்தைக்குப் பேர் வைக்கும்போது அத்தை இங்கே இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ரமேஷ்: கார்த்திக், பொறுமையாகப் படி. பக்கத்திலேயே இருக்கிற சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் சோதனை செய்பவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, தனியார் கம்பெனி ஆட்கள். விதிமுறை, மெஷின், மேற்பார்வை எல்லாம் டி.எஸ்.ஏ. என்கிற அரசுப் பாதுகாப்புத் துறைதான், ஆள் மட்டும் காண்ட்ராக்ட். 2002-இல் ஐந்து ஊர்களில் முன்னோட்டமாக ஆரம்பித்தார்கள். இப்போது சுமார் 20 இடங்களில் இருக்கிறது. ஷட்டவுன் வந்தாலும் கம்பெனி சம்பளம் போட்டுவிடும், ஆட்களும் வேலைக்கு வந்துவிடுவார்கள். கனடாவில் நாடு முழுக்கவே காண்ட்ராக்ட் ஆட்கள்தான். இதைத்தான் நான் இருபது வருஷமாகச் சொல்கிறேன், இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? பேசாமல் டிக்கெட்டை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்று. வரிசைத் தொல்லையே இருக்காது.

காயத்ரி: மாமா, பாட்டி ஏறுவது ஹூஸ்டனில்

காயத்ரி: இறங்கும்போது யாரும் சோதிக்க மாட்டார்கள்

கார்த்திக்: 😂😂

விஜயா: இதுக்குத்தான் இவ்வளவு நேரம் டைப் பண்ணிட்டிருந்தாரா. இட்லி ஆறிப்போச்சு

ரமேஷ்: நான் பொதுவாகச் சொன்னேன்.

சுந்தரம்: பொதுவாகவே பேசலாம் மாப்பிள்ளை. 2001 வரைக்கும் அங்கே எல்லாம் தனியார்தான். யார் குறைச்சலாகக் கேட்டானோ அவனுக்கு விமானக் கம்பெனி காண்ட்ராக்ட் கொடுத்தது. 98-99-இல் 19 பெரிய ஏர்போர்ட்டுகளில் ஆள் மாறிய கணக்கு சராசரி 126 சதவீதம். அதாவது நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் வருஷத்துக்கு 126 பேர் விட்டுப் போயிருக்கிறார்கள். செப்டம்பர் 11-க்கு அப்புறம்தான் அரசே எடுத்துக்கொண்டது.

ரமேஷ்: எடுத்து என்ன கிழித்தது மச்சான்? அரசே மாறுவேஷத்தில் ஆள் அனுப்பிப் பார்த்ததில் 70 தடவையில் 67 தடவை போலி ஆயுதமும் வெடியும் உள்ளே போயிருக்கிறது. 2015-இல் வெளியே வந்தது.

ராஜி: அத்தைக்கு முழங்கால் மாற்றியிருக்கே, மெஷின் கத்தாதா?

கார்த்திக்: கத்தும் அம்மா. முன்னாடியே சொல்லிவிட்டால் போதும். தேவைப்பட்டால் பெண் ஒருவர் தடவிப் பார்ப்பார். செருப்பு கழற்றுவது ஜூலையோடு போச்சு.

ராஜி: வெள்ளி அரைஞாண்கொடி கைப்பையில் இருக்கட்டும்

விஜயா: கைப்பைன்னதும் ஞாபகம் வருது. போன தடவை என் ஆவக்காயை ஒருத்தன் மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, மூன்று தும்மல் போட்டு, குப்பையில் போட்டான். முக்கால் கிலோ. தும்மினவன் அரசா தனியாரா என்று நீங்கள் ரெண்டு பேரும் விசாரித்துச் சொல்லுங்கள்

காயத்ரி: 🤣

சுந்தரம்: இன்னொன்று. தனியார் ஆளுக்கும் அரசு ஊழியருக்குக் குறையாத சம்பளம், சலுகை கொடுக்கணும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அப்போ கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வரும்? ஆளைக் குறைத்துத்தானே?

ரமேஷ்: ஷிப்டை ஒழுங்காகப் போட்டு. யூனியன் ஆபீஸில் கேரம் ஆடாமல்.

சுந்தரம்: தனியார் என்று நம்பித்தானே 96-இல் அந்த நிதி கம்பெனியில் போட்டீர்கள்? என் தங்கச்சி வளையல் என்ன ஆச்சு?

விஜயா: அண்ணா

விஜயா: அதை எடுக்காதே

ரமேஷ்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி: எல்லாரும் சாப்பிட்டாச்சா?

கார்த்திக்: டிக்கெட்!! கண்ட்ரோல் டவர்காரர்களுக்கும் சம்பளம் இல்லை. அது எந்த ஏர்போர்ட்டானாலும் அரசுதான், விமானமே தாமதமாகலாம். நாளைக்கு ஒரு சீட் இருக்கு, 85 டாலர் கூடுதல். மாற்றவா?

ராஜி: நாளைக்குப் பௌர்ணமி. நல்ல நாள்தான்

காயத்ரி: நாளைக்கு இவருக்கு ஆபீஸ், யார் கூப்பிடப் போவது?

சுந்தரம்: இங்கே ஊரில் புதன் விடிஞ்சாச்சு, இன்றைக்கு அன்னாபிஷேகம், உங்கள் பெரியம்மா வாசலில் நிற்கிறாள். வந்து பேசுகிறேன். காயத்ரி, பேர் அப்பா பேர்தானே?

காயத்ரி: சனிக்கிழமை சொல்கிறோம் பெரியப்பா

சுந்தரம்: சொல்கிறோம் என்றால்?

கார்த்திக்: 🎤 0:14

கார்த்திக்: பாட்டி பேசியது. வரிசையில் நிற்க முடியாதாம், காரிலேயே போகலாமாம். மூவாயிரம் கிலோமீட்டர் பாட்டி!! அப்புறம் ஆவக்காய் இல்லாமல் கிளம்ப மாட்டாளாம்.

விஜயா: பெட்டியில் போடு. கைப்பையில் வேண்டாம்

காயத்ரி: வீல்சேர் சொல்லியாச்சா?

கார்த்திக்: சொல்லியாச்சு. புதனா வியாழனா??

ரமேஷ்: திரும்பி வருவதையாவது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து போடு.